சூடானதும் நின்றுவிடுகிறதா உங்கள் கம்ப்யூட்டர்?

காலையில் கம்ப்யூட்டரை இயக்குகிறீர்கள். ஒழுங்காக எழுந்து வருகிறது. மெயில் பார்க்கிறீர்கள். பிள்ளையின் பள்ளி ப்ராஜெக்ட் பைலைத் திறந்து டைப் செய்கிறீர்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆனதும் எந்த அறிவிப்பும் இல்லாமல் திரை கருத்துப் போகிறது. விசிறிச் சத்தமும் நின்றுவிடுகிறது. பதறிப் போய் பவர் பட்டனை அழுத்தினால், எழுவதே இல்லை. அல்லது எழுந்து இரண்டு நிமிடத்தில் மீண்டும் படுத்துவிடுகிறது. சரி என்று விட்டுவிட்டு, ஒரு காபி குடித்து வந்து போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைக் குழப்புவது இந்தக் கடைசி விஷயம்தான். கெட்டுப் போன பொருள் எப்படித் தானாகச் சரியாகும்? வைரஸோ என்று சந்தேகம் வரும். பழுது பார்க்க வருபவரும் பல நேரங்களில் அந்தச் சந்தேகத்தை வளர்த்துவிட்டு, "பார்மட் பண்ணிப் பார்க்கலாம் சார்" என்பார். பார்மட் செய்த பிறகும் அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் நிற்கும். அடுத்து "மதர்போர்டு போச்சு" என்பார். செலவு ஆயிரக்கணக்கில் போய்விடும். உள்ளே இருந்த போட்டோக்கள் போனால் அதற்கு விலையே இல்லை.

இப்படி ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும் என்ற பழுது கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியதல்ல. பூங்காக்களில் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் இதே கதை உண்டு. எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும் இடைவெளியில் காற்று புகுந்துதான் சூடு வெளியேற வேண்டும். வெட்டிய புல் அங்கே அடைத்துக் கொண்டால் சிறிது நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். இக்னிஷன் காயில் பழுதாக இருந்தாலும் சூட்டில் தீப்பொறி வராமல் நிற்கும். ஆறிய பின் முதல் இழுப்பிலேயே கிளம்பும். உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் மேலும் அப்படித் தகடு தகடாக ஓர் அலுமினியக் கட்டி இருக்கிறது. ஹீட் சிங்க் என்று பெயர். அங்கே புல்லுக்குப் பதில் வீட்டுத் தூசி. தேட வேண்டிய முறை இரண்டுக்கும் ஒன்றுதான்: காற்று போகிறதா என்று முதலில் பாருங்கள், பாகங்களை மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் வேலை பேக்அப்

கம்ப்யூட்டர் ஆறியிருக்கும்போது, வேறெதுவும் செய்யும் முன், முக்கியமான பைல்களை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்து விடுங்கள். எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பைல் பாழாகலாம். விண்டோஸின் சிஸ்டம் பைல்களும் பாழாகலாம். இது இன்று பத்து முறை நடக்காமல் பதினோராவது முறை நடக்கலாம். டாலியில் கடைக் கணக்கு வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடிக்கும் வரை கூடக் காத்திருக்க வேண்டாம்.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

"ஆப் ஆகிவிடுகிறது" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. நிற்கும் விதமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

விளக்கு, விசிறி, எல்லாம் ஒரே நொடியில் அணைந்து, சிறிது நேரம் கழித்துத்தான் எழுகிறது என்றால் சூடு என்ற சந்தேகம் மிக வலுவானது. அணையாமல் மிகவும் மெதுவாகி, மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறது என்றாலும் சூடாக இருக்கலாம். பிராசசர் தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. நீலத் திரை தோன்றி மீண்டும் பூட் ஆகிறது என்றால் ராம் அல்லது டிரைவர் பக்கம் பார்க்க வேண்டும். சூடு அதற்கும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் குற்றவாளி அதுவல்ல. பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதோ, சமையலறையில் கிரைண்டர் போடும்போதோ நிற்கிறது என்றால் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. யு.பி.எஸ்.-ஐயும் வீட்டு வயரிங்கையும் பாருங்கள். பேட்டரி கெட்ட யு.பி.எஸ். வோல்டேஜ் சற்றுத் தாழ்ந்தவுடன் கையை விரித்துவிடும். ஒரு நாள், முக்கிய வேலை இல்லாத நேரத்தில், யு.பி.எஸ். இல்லாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் கம்ப்யூட்டரை இணைத்து ஓட்டிப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நீலத் திரை வருகிறதா என்பது கூடத் தெரியாமல் சில கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். காரணம், பிழை ஏற்பட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆகுமாறு விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் அட்வான்ஸ்ட் டேப் சென்று, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் செட்டிங்ஸ் கிளிக் செய்திடவும். அங்கே "ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்" என்பதன் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இனி நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும். எழுதியிருப்பதைப் படிக்கலாம், மொபைலில் போட்டோ எடுத்துக் கொள்ளலாம்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் என்று சென்றால், கம்ப்யூட்டர் நின்ற நேரங்களைப் பார்க்கலாம். அங்கே "கெர்னல்-பவர் 41" என்று சிவப்பு அடையாளத்துடன் ஒரு வரி இருக்கும். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் பயந்து விடுகிறார்கள். 41 என்பது நோயின் பெயர் அல்ல. "சென்ற முறை முறைப்படி ஷட் டவுன் செய்யப்படவில்லை" என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். வீட்டில் கரண்ட் போனாலும் இதுவே பதிவாகும். நமக்குப் பயன்படுவது அதிலுள்ள நேரம். மதியம் 2 மணி, 3 மணி என்று வரிசையாக இருந்து, காலையில் ஒன்றுமே இல்லை என்றால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பயாஸ் திரையில் ஒரு சோதனை

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 கீயை விட்டு விட்டு அழுத்தினால் பயாஸ் திரை கிடைக்கும். எந்தக் கீ என்பது மதர்போர்டைப் பொறுத்தது. முதல் திரையிலேயே சொல்லப்பட்டிருக்கும். இங்கே விண்டோஸ் இல்லை, வைரஸ் இல்லை, நீங்கள் இன்ஸ்டால் செய்த எதுவும் இல்லை. எதையும் மாற்றாமல், அப்படியே அரை மணி நேரம் விட்டு வையுங்கள். இங்கேயும் நின்றுவிட்டால், பார்மட் செய்து எந்தப் பயனும் இல்லை என்பது உறுதி. பார்மட் செய்யச் சொல்பவரிடம் இதைச் சொல்லிவிடலாம்.

ஹார்ட்வேர் மானிட்டர், பி.சி. ஹெல்த் என்பது போன்ற பெயரில் அங்கே ஒரு பகுதி இருக்கும். பிராசசரின் வெப்பநிலையும், அதன் விசிறி நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதும் காட்டப்படும். விசிறியின் எண் பூஜ்யம் என்றால் அது சுற்றவில்லை, அல்லது அதன் வயர் சரியான இடத்தில் இல்லை. வெப்பநிலை சும்மா இருக்கும்போதே 50ஐத் தாண்டினால் உடனே பயந்துவிட வேண்டாம். பயாஸில் பிராசசரின் மின்சேமிப்பு வசதிகள் முழுமையாக இயங்குவதில்லை என்பதால் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆனால், பார்த்துக் கொண்டிருக்கும்போதே 60, 70, 80 என்று ஏறிக் கொண்டே போனால் ஹீட் சிங்க் தன் வேலையைச் செய்யவில்லை. உடனே ஆப் செய்திடவும்.

சில கம்ப்யூட்டர்களில் ஆன் செய்தவுடன் "சி.பி.யு. பேன் எரர், பிரஸ் எஃப்1" என்று வரும். எஃப்1 அழுத்தினால் வேலை செய்கிறதே என்று தினமும் அழுத்திக் கொண்டிருப்பவர்கள் உண்டு. அது வாசலில் நின்று ஒருவர் தீ தீ என்று கத்த, கதவைச் சாத்திக் கொள்வது போன்றது.

விண்டோஸில் வெப்பநிலையைப் பார்க்க

விண்டோஸின் டாஸ்க் மானேஜரில் தனி கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைக் காட்டும் வசதி 2020ல் வந்தது. பிராசசரின் வெப்பநிலை அதில் இல்லை. அதற்கு எச்.டபிள்யு. மானிட்டர், கோர் டெம்ப், எச்.டபிள்யு. இன்போ போன்ற இலவச புரோகிராம்களில் ஒன்று போதும். அவற்றை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்கிக் கொள்ளுங்கள்.

எண்களை எப்படிப் புரிந்து கொள்வது? சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ், நல்ல வேலை கொடுக்கும்போது 60 முதல் 85 வரை என்பது டெஸ்க்டாப்பில் சாதாரணம். இன்டெல் கோர் வரிசையின் அண்மைக்கால டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏ.எம்.டி. ரைசன் வரிசையில் பலவற்றுக்கு 95. வரம்பை நெருங்கியதும் முதலில் வேகம் குறையும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் பிராசசரே மின்சாரத்தை வெட்டச் சொல்லிவிடும். அதைத்தான் நீங்கள் "திடீரென்று ஆப் ஆகிறது" என்கிறீர்கள்.

இந்தப் பாதுகாப்பு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2001ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர், கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கைக் கழற்றி வீடியோ எடுத்தனர். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக் கொண்டு தப்பியது. அப்போதைய ஏ.எம்.டி. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்துப் போனது. இன்று இரு நிறுவனங்களின் பிராசசர்களிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே, அணைந்து போகும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கெட்டுப் போன கம்ப்யூட்டர் அல்ல. கெட்டுப் போகாமல் இருக்க அணைகிறது.

மார்கழியில் ஓடியது, சித்திரையில் ஏன் நிற்கிறது?

டிசம்பரில் வாங்கிய கம்ப்யூட்டர் மே மாதம் தகராறு செய்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஹீட் சிங்க்கும் விசிறியும் பிராசசரை அறையின் வெப்பத்திற்குக் கீழே கொண்டு போக முடியாது. அறையின் வெப்பத்தோடு ஒரு குறிப்பிட்ட அளவு கூடித்தான் பிராசசர் இருக்கும். மார்கழியில் அறை 26 டிகிரி, பிராசசர் 72 என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் 46. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை மதியம் 38 டிகிரி. அதே வித்தியாசத்தில் பிராசசர் 84. இதுவரை ஆபத்தில்லை. இந்த ஆறு மாதத்தில் சேர்ந்த தூசி இன்னும் 15 டிகிரி கூட்டினால்? 99. அதாவது வரம்பின் வாசலில் நிற்கிறது. தூசி மட்டும் இருந்தாலும் தப்பித்திருக்கும், வெயில் மட்டும் இருந்தாலும் தப்பித்திருக்கும்.

இதில் கம்ப்யூட்டர் மேஜைக்கும் ஒரு பங்கு உண்டு. நம் ஊரில் விற்கும் மேஜைகள் பலவற்றில் கேபினட் வைக்க ஓர் அறை இருக்கும். மூன்று பக்கமும் பலகை. சிலவற்றில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வேறு. பார்க்க அழகுதான். ஆனால் கேபினட் பின்பக்கம் தள்ளும் சூடான காற்று பலகையில் மோதி, மீண்டும் முன்பக்கம் வழியாக உள்ளேயே போகிறது. அப்போது அறை 38 டிகிரி என்றால் கேபினட்டுக்குக் கிடைக்கும் காற்று அதைவிட அதிகம். கேபினட்டை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். சுவருக்கும் அதன் முதுகுக்கும் இடையே அரை அடியாவது இருக்கட்டும். ஓடும்போது தூசிக்காகத் துணி உறை போட்டு வைப்பது, புதிது மெருகு குலையாமல் இருக்க வேண்டும் என்று கேபினட்டின் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் வைத்திருப்பது, இவை இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள எளிய வழி: கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு டேபிள் பேனை இரண்டடி தள்ளி வைத்து உள்ளே காற்றடிக்கும்படி திருப்பி, வழக்கமாக நிற்கும் நேரம் வரை வேலை செய்யுங்கள். சிறு குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். நிற்காமல் ஓடினால் சூடுதான் காரணம். இதற்கு மேல் சான்று தேவையில்லை. மூடியின் மேல் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் கிழிக்க வேண்டாம். கடைக்கே எடுத்துச் செல்லுங்கள்.

உள்ளே தூசி தட்டுவது

மின் இணைப்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி விடுங்கள். மீதமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உங்கள் உடலில் உள்ள நிலை மின்சாரத்தையும் வெளியேற்றுங்கள். வேலை நடக்கும்போதும் அவ்வப்போது தொட்டுக் கொள்வது நல்லது.

விசிறி வெளியே சுத்தமாகத் தெரியலாம். நம்பாதீர்கள். விசிறிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே எட்டிப் பாருங்கள், டார்ச் அடித்து. அங்கே கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்தக் கம்பளியைத் தாண்டிக் காற்று தகடுகளுக்குப் போகாது. மென்மையான, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தளர்த்தி, கையால் பிடிக்கும் புளோயரால் ஊதி எடுக்கலாம். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். காற்றில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் அடித்துக் கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தத் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் தங்கியிருக்கும். காற்றோடு சேர்ந்து மதர்போர்டின் மேல் தெளிக்கும். வேண்டாம். வாக்குவம் கிளீனரின் வாயை போர்டின் மேல் வைப்பதும் நிலை மின்சாரத்தால் ஆபத்து. பல்லி, கரப்பான் குடியிருந்தால் அவற்றையும் வெளியேற்றி, பின்பக்கம் திறந்திருக்கும் கார்டு இடைவெளிகளுக்குத் தகடு போடச் சொல்லுங்கள்.

ஹீட் சிங்க் ஆடுகிறதா?

தூசி இல்லாத புத்தம் புதிய கம்ப்யூட்டரும் சூட்டில் நிற்கலாம். அசெம்பிள் செய்யப்பட்ட கம்ப்யூட்டரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இன்டெல் பிராசசருடன் வரும் விசிறி நான்கு மூலைகளில் நான்கு பிளாஸ்டிக் முளைகளால் போர்டில் பொருத்தப்படுகிறது. நான்கில் ஒன்று சரியாக இறங்காமல் இருந்தாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக் கொள்ளும். கண்ணுக்கே தெரியாத இடைவெளி போதும்; பிராசசரின் சூடு மேலே ஏறாது. கம்ப்யூட்டர் ஆப் ஆகியிருக்கும்போது ஒவ்வொரு மூலையையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒன்று ஆடினால், எதிரெதிர் மூலைகளாக, "டக்" என்று சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும்.

ஹீட் சிங்க்கைக் கழற்ற நேர்ந்தால், தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவாமல் மீண்டும் மாட்டக் கூடாது. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரு பக்கமும் துடைத்துவிட்டு, பிராசசரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ஹீட் சிங்க்கின் அழுத்தத்தில் அதுவே பரவும். சட்னி போல அள்ளிப் பூசினால் குளிர்ச்சி கூடாது. தனியாக வாங்கிய கூலர்கள் சிலவற்றின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டப்பட்ட கம்ப்யூட்டர்களும் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன, அரை மணி நேரத்திற்கு ஒரு முறை நின்று நின்று.

ரைசன் 1000 முதல் 5000 வரையிலான டெஸ்க்டாப் வரிசை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக் கொண்டு கூடவே வரும், ஊசிகள் வளைந்துவிடும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிப் பேஸ்ட் இளகியதும் ஆப் செய்து, பிளக்கை எடுத்துவிட்டு, கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்க வேண்டும். கை நடுங்குமென்றால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பிராசசர் குளிர்ச்சி, ஆனாலும் நிற்கிறது

வெப்பநிலை 70ஐக் கூடத் தாண்டவில்லை, கம்ப்யூட்டர் மட்டும் நிற்கிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.-ஐப் பாருங்கள். கேபினட்டின் பின்பக்கம் பவர் வயர் நுழையும் பெட்டி அது. அதற்கும் தனி விசிறி உண்டு. அது நின்று போனால், அல்லது தூசியில் அடைபட்டால், பெட்டி சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக் கொள்ளும். ஆறினால் மீண்டும் ஓடும். அடையாளங்கள் அப்படியே பிராசசர் சூட்டைப் போல இருப்பதால்தான் முதலில் அளந்து பார்க்கச் சொன்னேன். பின்னால் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். மாற்றுவதே வழி. கேபினட்டோடு இலவசம் போல வந்த மலிவு எஸ்.எம்.பி.எஸ். என்றால் மாற்றத் தயங்கவே வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருந்தால் மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ, அந்த போர்டு சூடானதும் தடுமாறும். 2000க்குப் பின் சில ஆண்டுகளில் தயாரான போர்டுகளில் இந்தப் பழுது உலகம் முழுவதும் ஏராளமாக வந்தது.

லேப்டாப்பில் காற்றுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும். மெத்தை, தலையணை மேல் வைத்தால் அவை மூடிக் கொள்ளும். பலகை அல்லது மேஜை மேல் வைத்தும் நிற்கிறது என்றால் சர்வீஸ் சென்டர் வேலைதான்.

விசிறி வாங்கி வரும் வரை கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு. பவர் ஆப்ஷன்ஸில், நீங்கள் பயன்படுத்தும் பிளானின் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் திறந்து, புராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதில் மாக்சிமம் புராசசர் ஸ்டேட் 100 சதவீதம் என்றிருப்பதை 99 ஆக மாற்றவும். பிராசசரின் டர்போ வேகம் நின்று, சூடு சட்டென்று குறையும். சில லேப்டாப்களில் இந்த அமைப்பு தெரியாது. டைப் செய்யவும் மெயில் பார்க்கவும் வித்தியாசமே தெரியாது. கேம் விளையாடும் பையன்தான் முகம் சுளிப்பான்.

பழுது பார்ப்பவரிடம் போக நேர்ந்தால் ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, நிற்கும் முன் கடைசியாகப் பார்த்த வெப்பநிலை, பயாஸ் திரையில் நின்றதா, மூடியைத் திறந்து காற்றடித்தபோது நின்றதா, யு.பி.எஸ். இல்லாமல் என்ன ஆனது. பிறகு, வேறொரு எஸ்.எம்.பி.எஸ். மாட்டி உங்கள் கண்ணெதிரே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டு பற்றிய பேச்சை அதன் பின் வைத்துக் கொள்ளலாம்.